ஆடி மாதத்துக் கொலு

சொம்புக்குள் போனை வைத்தால் குரல் வேறு மாதிரி ஆகிவிடும் என்பதை எனக்குக் காட்டியவர் மதினி. திருப்பரங்குன்றத்து வீட்டின் அடுப்படியில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கழுவிக் கவிழ்த்திருந்த பித்தளைச் சொம்பை எடுத்து ஈரம் போகத் துடைத்தார். தன் பழைய போனில் எதையோ அமுக்கி, அதை மெதுவாகச் சொம்புக்குள் இறக்கினார். "காதை வச்சுப் பாருங்க தம்பி" என்றார். பக்கத்து வீட்டு அக்காவின் குரல் கேட்டது. தெருவில் கீரைக்காரரிடம் பேரம் பேசுகிற அதே குரல்தான். ஆனால் பித்தளையின் அடியிலிருந்து வந்தபோது, கிணற்றுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு எனக்கு மட்டும் சொல்வது போல இருந்தது. காலமான தன் வீட்டுக்காரரின் டிவி ரிமோட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார் அந்த அக்கா. அந்த டிவியை எடைக்குப் போட்டே பல வருஷமாகிறது. "அவரு கைய விட்டு எறங்காது. வீட்டுல நான் தொடாத சாமான் அது ஒண்ணுதான். இப்ப எங்கிட்டதான் இருக்கு. எந்த டிவிக்குன்னு அமுக்க?" நான் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் காதை எடுக்கவில்லை. மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேலை செய்யுது" என்றார். எனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு மதினி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஓவியக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்தவர். பெண் பார்க்கப் போனபோது தரகர் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "பொண்ணு நல்லாக் கோலம் போடும்" என்று சொல்லி முடித்துவிட்டாராம். வந்த பிறகு ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சர் வேலை. ஆண்டு விழாவுக்குத் திரை எழுதுவது, அறிவியல் கண்காட்சிக்குத் தெர்மாக்கோலில் எரிமலை செய்வது, தெருப்பிள்ளைகளின் ரெக்கார்ட் நோட்டில் தவளையின் இதயத்தை வரைந்து கொடுப்பது என்று பல வருஷம் போயிற்று. இதில் அவருக்குக் குறை இருந்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் எதையாவது பார்த்தால் அதைக் கையில் எடுத்து, திருப்பி, கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. புளி உருண்டையைக்கூட அப்படித்தான் பார்ப்பார்.

மதினியின் அம்மா இறந்தபோது, காரியம் முடிந்து பாத்திரங்களைப் பங்கு வைத்தார்கள். மதினிக்கென்று வந்தது பிடி கழன்ற ஒரு குழம்புக் கரண்டி. வேறு எதுவும் அவர் கேட்கவுமில்லை. அதைக் கொண்டுவந்து நூலில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். காற்றில் அது திரும்பும்போது சுவரில் நிழல் ஒரு நேரம் கரண்டியாகவும் ஒரு நேரம் வெறும் கோடாகவும் விழும். ஸ்கூல் விட்டு வந்ததும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டார்: "அக்கா, உங்ககிட்ட எதுக்கும் ஆகாத சாமான், ஆனா தூக்கிப் போடவும் முடியாம வச்சிருக்கீங்கன்னு ஏதாச்சும் இருக்கா?" அந்த அக்கா யோசிக்கவேயில்லையாம். உள்ளே போய் ரிமோட்டை எடுத்து வந்தார்.

அதன் பிறகு மதினி தெருவில் எல்லோரையும் அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கினார். இல்லை என்று சொன்ன வீடு அநேகமாக இல்லை. காது போன வாணலி, ஒற்றைக் கொலுசு, மகன் வீட்டைவிட்டுப் போன அன்று கீழே விழுந்து நசுங்கிய குக்கர் மூடி. பொருளை வாங்கிக்கொண்டு, அதன் கதையைப் போனில் பதிவு செய்துகொள்வார். பெயர் சொல்லக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் வைத்த கட்டுப்பாடு. பெயர் வராது என்று தெரிந்ததும் பெண்கள் பேசினார்கள். பேரையூர்ப் பக்கமிருந்து வந்து இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண், தன் அம்மா களையெடுக்கப் போகும்போது கொண்டுபோன அலுமினியத் தூக்குச்சட்டியைக் கொடுத்தார். "கஞ்சி ஊத்துறவக எட்ட நின்னு, மேலருந்து ஊத்துவாக. பாதி கையில படும். எங்கம்மா அந்தக் கையை எங்கிட்ட வந்து காட்டும், சூடா இருந்துச்சுடின்னு சிரிச்சுக்கிட்டே. இன்னைக்கு இங்க ஆஸ்பத்திரிக்கு வந்து, நான் ஊசி போடாத கையி எங்க ஊருல இல்ல" என்று அவர் சொன்ன பதிவை மதினி எனக்குப் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறார்.

இதையெல்லாம் ஓரிடத்தில் கொடி கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சொம்பு வைத்து, சொம்புக்குள் அந்தக் குரலை வைக்க வேண்டும் என்பது மதினியின் திட்டம். இன்ஸ்டலேஷன் என்று அவர் சொன்னார். நிறுவல் கலை என்று தமிழிலும் சொல்லிப் பார்த்தார். அம்மாவுக்கு இரண்டும் வாயில் நுழையவில்லை. "உங்க மதினி புரட்டாசி வரைக்கும் பொறுக்க மாட்டாம ஆடியிலயே கொலு வைக்கப் போறா" என்று என்னிடம் சொன்னாள். ஆடியில் வைக்க ஒரு காரணம் இருந்தது. கல்யாணம் இல்லாத மாதம். எங்கள் தெருக்கோடியில் இருந்த சின்ன மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் சும்மாத்தான் பூட்டிக் கிடக்கும். மண்டபக்காரர் மகள் மதினியிடம் படித்தவள் என்பதால் சாவி கிடைத்துவிட்டது.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிற அண்ணன் அதிகம் பேசாதவர். எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவர். கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பார், மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "அம்மா எங்க?" என்று கேட்பார். அம்மா அவர் கண்ணெதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாலும் கேட்பார். ஐம்பதை நெருங்குகிற மனிதர் இப்படிக் கேட்பதைச் சொல்லி நாங்கள் எல்லோரும் சிரித்திருக்கிறோம். மதினியின் திட்டத்தைக் கேட்டதும், "ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் ஒண்ணு இருக்கும். அதை எதுக்கு ஊரு பாக்கத் தொங்கவிடணும்?" என்றார். "ஊரு பாக்க இல்லங்க. ஒரு நேரத்துல ஒரு ஆளுதான் கேக்க முடியும்" என்றார் மதினி. அண்ணன் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அம்மாவையும் மதினி கேட்டிருக்கிறார். "எங்கிட்ட அப்படி ஒண்ணும் கெடையாது தாயி. ஆகாததைப் போட்டு, ஆகுறதை வாங்கிருவேன்" என்றாள் அம்மா. அது முழுக்க உண்மை இல்லை என்று மதினிக்குத் தெரியும். பரண்மேல் ஒரு மஞ்சள் துணிப்பை கிடந்தது. வாய் இறுகக் கட்டிய பை, பழைய துணி என்று வீட்டில் பெயர். கல்யாணமாகி வந்த புதிதில், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் வந்தபோது மதினி அந்தப் பையை இறக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அம்மா பின்னாலேயே ஓடிவந்து, கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாளாம். அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை.

ஆடி பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு, மதினி சொம்புகளைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். "அந்தப் போன்ல பேசுனா எம் பேரு வருமா?" என்று கேட்டாள். "வராது அத்தை." "எங்க அமுக்கணும்னு காட்டு." மதினி காட்டினார். அம்மா போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது போனை ஒரு கையிலும் மஞ்சள் பையை இன்னொரு கையிலும் வைத்திருந்தாள். "அவுக்காம அப்படியே தொங்கவிடு" என்றாள்.

அன்று சாயங்காலம் மதினி பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் என் வீட்டுக்கு வந்தார். என் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. சொல்லாமல் வருகிறவர் இல்லை என்பதால் நான் பயந்துவிட்டேன். தண்ணீர் குடித்தார், போனை என்னிடம் கொடுத்தார், "கேளுங்க" என்றார்.

அம்மாவின் குரல். முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு பேசினாள்.

"இது பழைய துணி இல்ல. ரெண்டு சேலை, ஒரு துண்டு, சின்னவனுக்கு மாத்துச் சட்டை. எங்கய்யா படுத்த படுக்கையா இருக்காருன்னு ஊர்லருந்து தாக்கல் வந்துச்சு. எங்க வீட்டுக்காரருக்கும் எந் தம்பிக்கும் ஒரு விசேஷ வீட்டுல பேச்சு வளந்து, போக்குவரத்து இல்லாம இருந்த நேரம். போகணும்னேன். போனா அங்கயே இருந்துக்கன்னாரு. அவரு சொன்னா சொன்னதுதான். சரின்னு பைய எடுத்துட்டேன். பெரியவன் பள்ளிக்கூடம் போயிருந்தான். அங்க போயிக் கூப்பிட்டா வாத்தியாரு இவருகிட்டச் சொல்லிருவாரு. சின்னவன மட்டும் இடுப்புல வச்சுக்கிட்டு ஆரப்பாளையம் போயிட்டேன். பஸ்ஸு வந்துச்சு. ஏறல. அடுத்த பஸ்ஸும் வந்துச்சு. கண்டக்டரு, ஏம்மா ஏறலையான்னாரு. இன்னொரு ஆளு வரணும்னேன். யாரு வரப்போறா. பைக்குள்ள பெரியவன் சட்டை ஒண்ணையும் வச்சிருந்தேன். அவன விட்டுட்டுத்தான் போறேன்னு தெரியும். தெரிஞ்சும் எதுக்கு வச்சேன்னு இன்னைய வரைக்கும் எனக்குப் புரியல. பள்ளிக்கூடம் விடுற நேரமாச்சு. திரும்பிட்டேன். வந்து பாத்தா, பூட்டுன கதவுக்கு முன்னால உக்காந்திருக்கான். எங்கம்மா போனேன்னான். கோயிலுக்குன்னேன். துண்ணூறு எங்கன்னான்."

இங்கே அடுப்படிக் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எங்கய்யாவ உசுரோட பாக்கல. தூக்குறப்பப் பாத்ததுதான். அதுக்கு மட்டும் இவரு போகச் சொன்னாரு. இந்தப் பைய நான் அவுக்கவே இல்ல. அது மேல கெடக்குறது ஒரு தைரியம். நெனச்சா எடுத்துக்கிட்டுப் போயிரலாம்ல. எங்கிட்டும் போகல. ஆனா போகலாம்னு இருந்துச்சு. அம்புட்டுத்தான்."

இடுப்பில் இருந்தவன் நான். அன்றைய எதுவும் எனக்கு நினைவில் இல்லை. தினமும் வேலைக்குப் போகும்போது அந்த பஸ் ஸ்டாண்டைத்தான் கடந்து போகிறேன். உசிலம்பட்டி, தேனி என்று கண்டக்டர்கள் கூவுவதைக் கேட்டபடி டீ குடித்திருக்கிறேன். அம்மா எந்த இடத்தில் நின்றிருப்பாள் என்று அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கண் தேடியது. அப்பா இறந்து பல வருஷமாகிறது. அவர் கெட்டவர் இல்லை. எங்களை அடித்ததுகூட இல்லை. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அதைவிட்டு இறங்கத் தெரியாதவர், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை அம்மா இத்தனை காலம் பரண்மேல் வைத்திருந்திருக்கிறாள்.

"உங்க அண்ணன் தெனமும் வாசல்ல நின்னுக்கிட்டு ஏன் அப்படிக் கேக்குறாருன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது தம்பி" என்றார் மதினி. மதினி அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. காலி டம்ளரை மேசைமேல் நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் மதினி. இதை மட்டும் எடுத்துருங்க. அண்ணே தாங்காது. அம்மா தன்னை விட்டுட்டு என்னைத் தூக்கிட்டுப் போச்சுன்னு ஒரு மனுசன் இந்த வயசுல தெரிஞ்சுக்கிட்டு என்ன செய்யும்?"

"அழிக்கிறதுன்னா ஒரு அமுக்குதான். வர்ற வழியெல்லாம் அதைத்தான் நெனச்சேன். ஆனா அத்தை கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுனது எனக்காக இல்ல. என்னையத் தபால்காரி ஆக்கியிருக்காங்க. தபாலை நான் கிழிச்சுப் போடலாமா?"

மறுநாள் அம்மாவிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்து இருவரும் போய் உட்கார்ந்தோம். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மதினி சுற்றி வளைத்து ஆரம்பித்தார். அம்மா நிமிராமலே, "தொங்கவிடுன்னுதான குடுத்தேன்" என்றாள்.

"உங்க மகன் கேட்டுட்டார்னா அத்தை?"

"கேக்கட்டும். நான் இருக்கும்போதே கேக்கட்டும். போன பெறகு அந்தப் பைய அவுத்துப் பாத்து, தஞ் சட்டை எதுக்கு இதுல கெடக்குன்னு அவனா என்னத்தையாவது நெனச்சுக்கிட்டான்னா, யாருகிட்டப் போயிக் கேப்பான்?"

மதினி கீரையில் பாதியைத் தன் பக்கம் இழுத்து உருவத் தொடங்கினார்.

ஆடி மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை கூடம் திறந்தது. சாப்பாட்டு மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, ஜன்னலிலிருந்து ஜன்னலுக்குத் துணி காயப்போடும் நைலான் கயிற்றைக் கட்டியிருந்தார் மதினி. பொருள்கள் தலை உயரத்தில் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் கீழே முக்காலியில் ஒரு சொம்பு, அதற்குள் திரை கீறிய, சத்தம் மட்டும் வருகிற பழைய போன். ஒரு பதிவு முடிந்ததும் அதே பதிவு மறுபடி தொடங்கும். கூடத்துக்குள் நுழைந்தால் ஒரு குரலும் பிரிந்து கேட்காது. தேனீக்கூட்டைப் போல ஒரு முணுமுணுப்பு மட்டும் இருக்கும். குனிந்து காதை வைத்தால்தான் ஆள் பேசுவது தெரியும். கோயிலுக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்க நுழைந்தார்கள். குனிந்தவர்கள் சட்டென்று நிமிரவில்லை. பொருள் கொடுத்த பெண்கள் ஒருவர் பொருளின் முன்னால் ஒருவர் குனிந்திருந்தார்கள். நர்ஸ் பெண் ரிமோட்டின் கீழ் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா தூக்குச்சட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரே தெருவில் எதிரெதிர் வரிசையில் இருந்தவர்கள், அதுவரை ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடித்ததில்லை.

அம்மா வாசலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் கல்யாண வீட்டுப் பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்து, வருகிறவர்களை "வாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணன் ஆபீஸ் முடிந்து வந்தார். வர மாட்டார் என்றுதான் நானும் மதினியும் நினைத்திருந்தோம். முதலில் கயிற்று முடிச்சுகளை இழுத்துப் பார்த்தார். பிறகு ரிமோட்டின் கீழ் குனிந்தார், சிரித்தார். அவர் சிரித்ததும் மதினியின் கை என் முழங்கையைப் பிடித்தது. வரிசையாக வந்தார். மஞ்சள் பையைப் பார்த்ததும் நின்றார். அந்தப் பையை அவருக்குத் தெரியும். குனிந்தார்.

முதல் முறை கேட்டு முடித்தபோது நிமிரவில்லை. பதிவு மறுபடி தொடங்கியிருக்கும். கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு இரண்டாவது முறையும் கேட்டார். பின்னால் ஒரு பெண் காத்திருப்பதைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. கூடத்தின் பின்பக்கம், பந்தியில் சாப்பிட்டவர்கள் கை கழுவுகிற குழாய் வரிசைக்குப் போய், ஒரு குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். மதினி துண்டை எடுத்துக்கொண்டு போக எழுந்தார், போகாமல் நின்றுவிட்டார்.

ஈர முகத்தோடு அண்ணன் நேராக வாசலுக்குப் போனார். அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஆபீஸ் பேண்ட்டோடு அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அன்னைக்கு நான் அழுகலம்மா" என்றார் அண்ணன். "நீ வந்துருவேன்னு தெரியும்."

அம்மா அவர் தலையில் கையை வைத்தாள். "எனக்குத் தெரியலையேப்பா" என்றாள்.

ஆடி முடிவதற்குள் கொடியை இறக்கிப் பொருள்களை வீடுவீடாகத் திருப்பிக் கொடுத்தோம். அண்ணனும் கூட வந்தார். வீட்டுக்கு வந்த மஞ்சள் பையை அம்மா தானே அவிழ்த்தாள். "ஊருக்குப் போகப் பை வேணும்ல" என்றாள். சேலைகள் மடித்த மடிப்பிலேயே கிழிந்திருந்தன. அண்ணனின் சின்ன நீலச் சட்டையை எடுத்து உதறி மதினியிடம் கொடுத்துவிட்டு, பையில் இரண்டு நல்ல சேலைகளை மடித்து வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் அவளைப் பேரையூருக்குத் தெற்கே இருக்கிற அவள் ஊருக்குக் கூட்டிப்போனோம். விசேஷங்களுக்குப் போய் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடுகிற ஊர் அது. மாமா கிழவராகியிருந்தார். மத்தியானம் சாப்பிட்டோம். நாங்கள் கிளம்புகிற நேரத்தில் அம்மா எழுந்திருக்கவில்லை. "நான் இருந்துட்டு வாரேன்" என்றாள்.

நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். எப்போது வருவாய், யார் கூட்டி வருவார்கள், மாத்திரை இருக்கிறதா என்று ஆயிரம் கேள்வி கேட்கிறவர். "சரிம்மா, இரு" என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, உசிலம்பட்டி வருவதற்குள் தூங்கிப்போனார்.

இன்று மதினியின் வேலைகளைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கோயம்புத்தூரில் பெரிய கூடத்தில், நல்ல விளக்கு வெளிச்சத்தில் வைக்கிறார்கள். அண்ணன் லீவு போட்டுவிட்டுப் போய் ஏணியைப் பிடித்துக்கொள்கிறார். அம்மா காலமாகி ஒரு ஆடி கடந்துவிட்டது. அவள் பேசிய பதிவு மதினியிடம் இருக்கிறது. அண்ணன் அதைக் கேட்பதில்லை, அழிக்கவும் சொல்வதில்லை. எனக்கு அதைவிட அம்மா ஊரிலிருந்து திரும்பி வந்த நாள்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

ஆவணி பிறந்த பிறகு ஒரு காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் மாமா வீட்டு முருங்கைக்காய்க் கட்டு. பின்னால் யாரும் இல்லை. தெருமுனை வரை எட்டிப் பார்த்தேன், அங்கும் யாரும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு, "உங்க மதினிக்குப் போனைப் போட்டுக் குடு" என்றாள். போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் மதினி பதறுவது எனக்கே கேட்டது.

"எப்ப வந்தீங்க அத்தை? யாரு கூட்டிட்டு வந்தா?"

"யாரு கூட்டிட்டு வரணும்?" என்றாள் அம்மா. "பஸ்ஸு வந்துச்சு, ஏறுனேன்."